மச்சானின் ஒரு வரி எஸ்டிமேட்டை வைத்து கிளெய்ம் வாங்க முடியாது

கேள்வி: மடிப்பாக்கத்தில் சொந்தக் கட்டடத்தில் மாவு மில் நடத்துகிறேன். ஏழு மாதத்துக்கு முன்பு பெய்த மழையில் இடுப்பளவு தண்ணீர் புகுந்து பின்சுவர் இடிந்துவிட்டது. மோட்டார், ஸ்விட்ச் போர்டு எல்லாம் போயிற்று. சிறு தொழில்களுக்கான தீ, வெள்ள சேத இன்ஷூரன்ஸான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி இருக்கிறது. கட்டட வேலை எடுத்துச் செய்யும் மச்சான் 8.6 லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார். சேதத்தை மதிப்பிட வந்த இன்ஷூரன்ஸ் சர்வேயர் 3.1 லட்சம்தான் போட்டிருக்கிறார். கிளெய்ம் வந்ததும் அடைத்துவிடலாம் என்று 6 லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கி, 4.5 லட்சத்தை மச்சானிடம் கொடுத்துவிட்டேன். தரையை உயர்த்தி டைல்ஸ் போட்டு, கூரை ஷீட் மாற்றியிருக்கிறார். பின்சுவர் இன்னும் தார்ப்பாயில்தான் இருக்கிறது. அதைக் கட்டும்போது மழைநீர் சேகரிப்புக் குழியும் பொறியாளர் சான்றும் வேண்டும் என்கிறது மாநகராட்சி. மச்சான் இன்னும் 2 லட்சம் கேட்கிறார். 15 சதவீத கமிஷனுக்கு முழுத் தொகையையும் வாங்கித் தருவதாக ஒரு ஆன்லைன் நிறுவனம் சொல்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்கெனவே ஒத்துக்கொண்ட 3.1 லட்சத்துக்கும் சேர்த்துத்தான் அவர்கள் கமிஷன் கேட்பார்கள். அதற்கு மட்டும் 46,500 ரூபாய். இப்போது செல்போனைத் திறந்தாலே இப்படி ஒரு விளம்பரம் வருகிறது. அவர்கள் எழுதப்போகும் கடிதத்தை நீங்களே எழுதலாம்.

சர்வேயரைவிட உங்களுக்கு அதிக நஷ்டம் தருவது, கைக்கு வராத கிளெய்மை நம்பிக் கடன் வாங்கி மச்சான் கேட்கும்போதெல்லாம் கொடுக்கிற பழக்கம்தான். 6 லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 12,000. ஏழு மாதத்தில் 84,000 போய்விட்டது. அந்தப் பணத்தில் முதலில் நடந்த வேலை எது? பாலிசியில் வராத தரை உயர்த்தலும் டைல்ஸும். பாலிசியில் வருகிற பின்சுவர் இடிந்தபடியே கிடக்கிறது. மச்சான் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அடுத்த மழைக்குத் தண்ணீர் வரக்கூடாது என்று நினைத்திருப்பார். ஆனால் அந்தச் செலவு உங்களுடையது, கம்பெனியுடையது அல்ல.

நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டைப் பார்த்தேன். லெட்டர் பேடில் ஒரே வரி: "வெள்ள சேத வேலை மொத்தம் ரூ. 8,60,000." அளவு இல்லை, ரேட் இல்லை. இதை வைத்து எந்த சர்வேயரும் கூட்டிப் போட மாட்டார். மச்சானை உட்கார வைத்து இதை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள விவரத்தை வைத்து நான் போட்ட உத்தேசக் கணக்கு: தண்ணீரால் கெட்டதைப் பழையபடி ஆக்க 4.2 லட்சம். மாநகராட்சி விதிக்காகக் கூடுதலாகச் செய்ய வேண்டியது 80,000. மிச்சம் 3.6 லட்சம் நீங்களாகச் செய்துகொண்ட மேம்பாடு. இந்த மூன்றாவதைக் கிளெய்மிலிருந்து நீங்களே எடுத்துவிடுங்கள். அது உள்ளே இருக்கும்வரை மற்ற இரண்டையும் கம்பெனி சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

இரண்டாவது பகுதியைத்தான் நீங்கள் கேட்கவே இல்லை. உள்ளாட்சி விதிகளுக்கு உட்பட்டுத் திரும்பக் கட்டுவதால் ஆகும் கூடுதல் செலவு உங்கள் பாலிசியிலேயே அடங்கியிருக்கிறது. வழக்கமாக இதற்கு இரண்டு தடை உண்டு: சேதமாகாத பகுதிக்குக் கிடைக்காது, மழைக்கு முன்பே மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்திருந்தாலும் கிடைக்காது. உங்களுக்கு இரண்டும் இல்லை என்றால் வார்டு பொறியாளர் வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். இன்ன சுவர், இன்ன விதி, இன்ன வேலை என்று அதில் இருக்க வேண்டும். ஸ்விட்ச் போர்டை உயரத்தில் மாட்டச் சொல்லி இ.பி. ஆபீஸ் கேட்டிருந்தால் அதற்கும் கடிதம் வாங்குங்கள். இது உள்ளாட்சி விதிச் செலவில் வராது என்று கம்பெனி வாதாடலாம், ஆனாலும் கேட்டுவையுங்கள். பொறியாளர் கட்டணத்துக்கு கிளெய்ம் தொகையில் 5 சதவீதம் வரை, இடிபாடு அகற்ற 2 சதவீதம் வரை தனியாக உண்டு. 4.2 லட்சத்துக்கு அது 21,000, 8,400 என்று வரும்.

முதல் பகுதியில் 4.2 லட்சத்துக்கும் சர்வேயர் போட்ட 3.1 லட்சத்துக்கும் எங்கே வித்தியாசம் என்று பார்க்க சர்வே ரிப்போர்ட் நகலை எழுதிக் கேளுங்கள். உங்களுக்கு அதைப் பெறும் உரிமை இருக்கிறது. பின்சுவர் 22 அடி நீளம், 9 அடி உயரம் என்றால் 198 சதுர அடி. ரிப்போர்ட்டில் 150 என்று இருந்தால் டேப் பிடித்து போட்டோ எடுத்து அனுப்புங்கள். ரேட் குறைவாக இருந்தால் மச்சானைத் தவிர வேறு இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். உறவினர் கொட்டேஷனுக்கு அங்கே மதிப்புக் குறைவு. அப்புறம் தேய்மானம். பாலிசி புது மதிப்பு அடிப்படையில், அதாவது புதிதாகச் செய்ய ஆகும் செலவைத் தருவதாக இருந்தால் தேய்மானம் கழிக்கக் கூடாது, ஆனால் வேலையை முடித்து பில் காட்ட வேண்டும். இதற்கு வழக்கமாக 12 மாதம்தான் கெடு. ஏழு போய்விட்டது. ஆகவே கையில் மிச்சம் இருக்கும் 1.5 லட்சத்தை இன்றே பின்சுவரில் போடுங்கள், வங்கி வழியாக, ரசீதோடு. மச்சான் கேட்கும் 2 லட்சத்துக்கு இப்போது இல்லை என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் வருத்தம் வரும்தான். ஆனால் மாதாமாதம் வட்டி கட்டப்போவது நீங்கள்.

3.1 லட்சத்தை வேண்டாம் என்று திருப்பாதீர்கள். "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன், மீதியைக் கோருகிறேன்" என்று எழுதிக் கொடுத்து வாங்கி, நேராகக் கடனில் கட்டுங்கள். வட்டி 12,000 என்பது 5,800 ஆகும். மீதிக் கடனை வங்கி நகைக்கடனுக்கு மாற்றினால் இன்னும் பாதிக்கு மேல் குறையும்.

மிச்சத் தொகையைக் கேட்டு கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையிலேயே இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். குறுந்தொழில் பாலிசிகளையும் விசாரிப்பார்கள், 50 லட்சம் வரை. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.