கனடாவில் கஞ்சா குற்றமில்லை என்றால், அது உடலுக்குக் கெடுதல் இல்லை என்றுதானே பொருள்?

இல்லை. 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தின் நோக்கப் பிரிவைப் படித்துப் பாருங்கள். இளையோரின் கைக்கு அது எட்டாமல் தடுப்பது, கள்ளச்சந்தையை ஒடுக்குவது, நீதித்துறையின் சுமையைக் குறைப்பது என்றெல்லாம் இருக்கிறது. உடலுக்குத் தீங்கில்லை என்று ஒரு வரிகூடக் கிடையாது. 30 கிராம் வரை வைத்திருக்கும் பெரியவரைக் குற்றவாளியாக்குவதால் யாருக்கும் பயனில்லை என்று நாடு முடிவெடுத்தது, அவ்வளவுதான். அந்த முடிவை நான் ஆதரிக்கிறேன். அதே சட்டத்தில்தான், 18 வயது நிரம்பாதவருக்குக் கொடுத்தால் 14 ஆண்டுகள் வரை சிறை என்றும் இருக்கிறது.

டொரன்டோவில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். பிள்ளையின் பையில் ஒரு பொட்டலத்தைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் வரும் தமிழ்ப் பெற்றோரிடம் நான் கேட்பது இரண்டுதான்: பிள்ளைக்கு என்ன வயது? பொட்டலத்தில் டி.எச்.சி. எத்தனை சதவீதம்?

போதை தருவது இந்த டி.எச்.சி.தான். 1990களில் அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் அது சராசரியாக 4 சதவீத அளவில் இருந்தது. இன்று இங்குள்ள கடைகளில் 20 சதவீதத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். "ஊரில் சாமியார்கள் காலங்காலமாகப் புகைக்கவில்லையா?" என்று வாதிடும் மாமாக்கள் இந்த எண்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சிறிய அளவில் சிரிப்பு, பசி, வாய் வறட்சி, நேரம் நீள்வது போன்ற உணர்வு. கூடினால் நெஞ்சு படபடக்கும், காரணமில்லாத பயம் வரும், ஒரு நிமிடத்துக்கு முன் சொன்னது மறந்துபோகும். இவை சில மணி நேரத்தில் அடங்கிவிடும். எனக்குக் கவலை தருவது வேறு. மூளை முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயதாகிறது. அதற்கு முன்பே வீரியமானதைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் அந்த நோய் இருந்தால் இன்னும் அதிகம். பயன்படுத்துவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் விட முடியாத நிலைக்குப் போகிறார். பதின்வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். நீண்ட நாள் பழக்கக்காரர் சிலருக்கு அடக்க முடியாத வாந்தி வரும். வெந்நீரில் குளித்தால் மட்டுமே சற்றுத் தணியும். பழக்கத்தை மருத்துவரிடம் மறைப்பதால் இதற்குக் காரணம் தெரியாமலே அலைகிறார்கள்.

சட்டம் பற்றிய விவாதம் பெரும்பாலும் "வேண்டும், வேண்டாம்" என்று நின்றுவிடுகிறது. எதை, எந்த வடிவில் விற்க அனுமதிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பேன். தின்பண்டமாக விழுங்கினால் போதை ஏற ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றை வாயில் போட்டுக்கொள்கிறார்கள். குழந்தைக்கோ அது வெறும் மிட்டாய். இந்தத் தின்பண்டங்கள் கடைக்கு வந்த பிறகு ஒன்டாரியோ, அல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களில் கஞ்சா நச்சுப் பாதிப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிறுவர்கள் மேலும் கூடினார்கள். மிட்டாய், சாக்லேட் வடிவங்களைத் தடைசெய்த கியூபெக்கில் அந்தக் கூடுதல் ஏற்படவில்லை. அங்கே வாங்கும் வயதும் 21, ஒன்டாரியோவில் 19. ஒரே நாடு, ஒரே மத்தியச் சட்டம்; மாகாண விதி வேறு, விளைவும் வேறு. கியூபெக் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது, கடைக்காரர்கள் என்ன சொன்னாலும்.

நம்மவர்களுக்கு இன்னொன்று. போதையில் வாகனம் ஓட்டும் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனை 2018 டிசம்பரில் 10 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. குடியுரிமை பெறாத நிரந்தரவாசி இதில் தண்டிக்கப்பட்டால் நாட்டில் தங்கும் உரிமையையே இழக்க நேரலாம். ஊருக்குப் போகும் விமானத்தில் ஒரு கிராம்கூட எடுத்துச் செல்லாதீர்கள். வான்கூவரிலிருந்து, கஞ்சாவை அனுமதிக்கும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்குக் காரில் கொண்டுபோனாலும் எல்லையில் அது குற்றம்தான்.