கடல் துரப்பண நிறுவனப் பங்குகள்: லாபக் கணக்குக்கு முன் ரிக் பட்டியலைப் படியுங்கள்

கேள்வி: கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றின் பங்குகளை வாங்கலாமா என்று யோசித்துவருகிறேன். தன்னிடமுள்ள ரிக்குகளின் சராசரி வயது குறைவு என்றும், பல ஆண்டுகளுக்கான ஒப்பந்தங்கள் கைவசம் இருப்பதாகவும், வாங்க ஆளின்றிக் கப்பல் கட்டும் தளத்தில் நிற்கும் இரண்டு துரப்பணக் கப்பல்களைக் கடன் திரட்டி வாங்கப்போவதாகவும் அந்த நிறுவனம் முதலீட்டாளர்களிடம் சொல்லியிருக்கிறது. இந்த மூன்றையும் எப்படி எடைபோடுவது?

பதில்: இந்தத் தொழிலில் இறங்கும் முதலீட்டாளர்கள் பலர் கச்சா எண்ணெய் விலையைப் பார்த்துவிட்டுப் பங்கை வாங்குகிறார்கள். ஆனால் துரப்பண நிறுவனத்துக்குச் சொந்தமாக எண்ணெய் கிடையாது. ஷெல், எக்ஸான்மொபில், பெட்ரோப்ராஸ் போன்ற எண்ணெய் நிறுவனங்களுக்கு ரிக்கையும் அதை இயக்கும் ஆட்களையும் நாள் வாடகைக்குக் கொடுத்து வருமானம் பார்ப்பதே அதன் தொழில். ஆழ்கடல் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தரும் எண்ணெய் நிறுவனம் பல ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கக்கூடிய விலையை மனத்தில் வைத்தே முடிவெடுப்பதால், இன்றைய விலை ஏற்றமும் இறக்கமும் ரிக் வாடகையைத் தாமதமாகவே வந்தடைகின்றன. எனவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது எந்த ரிக் எங்கே, யாரிடம், என்ன வாடகைக்கு, எந்தத் தேதி வரை வேலையில் இருக்கிறது என்பதைத்தான்.

இதற்கென்றே ஓர் ஆவணம் இருக்கிறது. டிரான்ஸ்ஓஷன், நோபிள், வலாரிஸ், சீட்ரில் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் ரிக்குகளின் நிலையறிக்கையை அவ்வப்போது வெளியிடுகின்றன. ஒவ்வொரு ரிக்கின் பெயர், கட்டப்பட்ட ஆண்டு, எவ்வளவு ஆழமான கடலில் இயங்கும், வாடிக்கையாளர் யார், ஒப்பந்தம் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் எவை என்பனவும், பல இடங்களில் நாள் வாடகையும் அதில் இருக்கும். வண்ணப் படங்கள் நிறைந்த முதலீட்டாளர் விளக்கவுரையைவிட, அடிக்குறிப்புகள் நிறைந்த இந்தப் பட்டியலுக்கே நான் அதிக மதிப்புத் தருவேன்.

ரிக்குகளில் மூன்று முக்கிய வகைகள் உண்டு. கடலடியில் கால்களை ஊன்றி மேடையை நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்திக்கொள்ளும் ஜாக்-அப் ரிக்குகள் பெரும்பாலும் 400 அடி வரையிலான ஆழத்துக்கு உரியவை. பாதி மூழ்கிய நிலையில் மிதக்கும் செமி-சப்மெர்சிபிள் ரிக்குகள் அலையும் காற்றும் கடுமையாக உள்ள நார்வே போன்ற கடல்களில் நிலையாக நிற்கக்கூடியவை. மூன்றாவது வகையான துரப்பணக் கப்பல்கள் 12,000 அடி ஆழமுள்ள கடலிலும் இயங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. இந்த மூன்று வகைகளுக்கும் சந்தை வேறு, வாடிக்கையாளர்கள் வேறு, வாடகையும் வேறு. ஜாக்-அப் வாடகை உயர்ந்திருக்கிறது என்ற செய்தியை வைத்துக்கொண்டு துரப்பணக் கப்பல் நிறுவனத்தின் பங்கை வாங்குவதில் பொருளில்லை. நார்வேயில் வேலை செய்வதற்கு அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பின் தனி ஒப்புதல் தேவைப்படுவதால், அங்கே தகுதி பெற்ற ரிக்குகள் குறைவாகவே இருக்கின்றன. அப்படிப்பட்ட ரிக் ஒன்று ஒரு நிறுவனத்திடம் இருப்பது எண்ணிக்கையில் தெரியாத பலம்.

உங்கள் நிறுவனம் பெருமையாகச் சொல்லும் சராசரி வயதுக்கு வருவோம். அது தவறான எண் இல்லை, போதாத எண். ஒரே ஆண்டில் கட்டப்பட்ட இரண்டு துரப்பணக் கப்பல்களில் ஒன்றில் கிணற்று வெடிப்பைத் தடுக்கும் வால்வு அடுக்கு, அதாவது பிஓபி, இரண்டு இருக்கலாம். மற்றொன்றில் ஒன்றுதான் இருக்கலாம். மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரலில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் வெடித்து 11 பேர் இறந்த பிறகு, இந்தக் கருவிக்கான விதிகளும் வாடிக்கையாளர்களின் எதிர்பார்ப்பும் மிகவும் இறுகிவிட்டன. ஒரு பிஓபி சோதனையில் இருக்கும்போது மற்றொன்று தயாராக நிற்பதால், இரண்டு வைத்திருக்கும் கப்பல் வேலையில்லாமல் நிற்கும் நேரம் குறைகிறது. இரட்டைத் துரப்பணக் கோபுர வசதி, கொக்கி தாங்கும் எடை, கிணற்றின் அழுத்தத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்தித் தோண்டும் எம்பிடி கருவி ஆகியவையும் இப்படித்தான். வயது குறைந்திருந்தும் இவை இல்லாத கப்பல், வயது கூடியிருந்தும் இவை உள்ள கப்பலிடம் டெண்டரில் தோற்கும். ஆகவே சராசரியை ஒதுக்கிவிட்டு, ஏழாம் தலைமுறை எனப்படும் மிக மேம்பட்ட தரத்தில் உள்ளவை எத்தனை, அதற்கு முந்தைய ஆறாம் தலைமுறையில் உள்ளவை எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்படி எண்ணும்போது, வேலையில்லாமல் நிறுத்திவைக்கப்பட்டவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். ஆட்களோடும் இயங்கும் இயந்திரங்களோடும் காத்திருக்கும் ரிக்கைச் சில வாரங்களில் வேலைக்கு அனுப்பிவிடலாம். எல்லாவற்றையும் அணைத்து, ஆட்களை அனுப்பிவிட்டு, ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட்ட துரப்பணக் கப்பலை மீண்டும் இயங்கவைக்க 10 கோடி டாலர் அளவுக்குச் செலவாகக்கூடும். அதற்கு ஓராண்டும் ஆகலாம். வேலைக்கு அனுப்பத் தயாராக உள்ள ரிக்குகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, 'பயன்பாட்டு விகிதம் 90 சதவீதத்துக்கு மேல்' என்று ஒரு நிறுவனம் சொன்னால், கட்டிப்போட்டவற்றையும் சேர்த்தால் அது எவ்வளவு ஆகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். சில நிறுவனங்களில் இந்த இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய பள்ளம் தெரியும். இனி வேலை கிடைக்காது என்று தெரிந்த பழைய ரிக்கைத் தயங்காமல் உடைப்புக்கு அனுப்பும் நிர்வாகத்தை, அதைப் பட்டியலில் வைத்து எண்ணிக்கை காட்டும் நிர்வாகத்தைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.

அடுத்தது கைவச ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு. அந்தத் தொகையை ஆண்டுவாரியாகப் பிரிக்காமல் படிக்கக் கூடாது, ஏனென்றால் இந்தத் தொழிலில் வாடகை சற்றுக் குறைந்தாலே லாபம் மளமளவென்று சரிந்துவிடும். எடுத்துக்காட்டுக்காக ஒரு கப்பலின் நாள் வாடகை 4,50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கருவிக் கோளாறு போன்ற காரணங்களால் வாடகை கிடைக்காத நேரத்தைக் கழித்து 95 சதவீதம் கைக்கு வருகிறது. ஆட்கள், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 1,75,000 டாலர் செலவாகிறது. ஆண்டு வருமானம் சுமார் 15.6 கோடி டாலர், செலவு சுமார் 6.4 கோடி; மிச்சம் 9.2 கோடி டாலர். ஒப்பந்தம் முடிந்து அடுத்த ஒப்பந்தம் 3,00,000 டாலருக்குத்தான் கிடைக்கிறது என்றால், செலவு குறையாத நிலையில் மிச்சம் 4 கோடி டாலராகிவிடும். வாடகை குறைந்தது மூன்றில் ஒரு பங்கு; மிச்சம் குறைந்ததோ பாதிக்கும் மேல். அதே வாடகை 2,00,000 டாலருக்கு இறங்கினால் மிச்சம் அரைக் கோடி டாலர்தான். கடன் வட்டிக்கே போதாது. இதனால்தான் எந்தக் கப்பல் எந்தக் காலாண்டில் ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வருகிறது என்பது இத்தனை முக்கியமாகிறது. வரும் 18 மாதங்களில் பாதிக் கப்பல்கள் விடுபடும் நிறுவனத்தையும், அவற்றை மூன்று ஆண்டுகளுக்குப் பிணைத்து வைத்திருக்கும் நிறுவனத்தையும் ஒரே மொத்தத் தொகையைக் காட்டி ஒப்பிட முடியாது. சந்தை ஏறுமுகத்தில் இருந்தால் முதல் நிறுவனத்துக்கே ஆதாயம் அதிகம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஒப்பந்தங்களின் உறுதியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தன் வசதிக்காக இடையில் ரத்து செய்துகொள்ளும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தரும் ஒப்பந்தங்கள் உண்டு. ரத்து செய்தால் தர வேண்டிய இழப்பீடு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். வேலையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் உரிமையும் சிலவற்றில் இருக்கிறது. தினசரி உற்பத்தித் திறனை 1.2 கோடி பீப்பாயிலிருந்து 1.3 கோடியாக உயர்த்தும் திட்டத்தைச் சவூதி அரம்கோ 2024 ஜனவரியில் கைவிட்டதையடுத்து, அந்நிறுவனத்துக்காக இயங்கிக்கொண்டிருந்த பல ஜாக்-அப் ரிக்குகளின் ஒப்பந்தங்கள் அதே ஆண்டில் நிறுத்திவைக்கப்பட்டன. ஒரே வாடிக்கையாளரை நம்பிய நிறுவனங்களுக்கு அது பேரடியாக விழுந்தது. கயானாவில் எக்ஸான்மொபிலுக்காக நோபிளின் கப்பல்கள் வேறொரு முறையில் இயங்குகின்றன: வேலைக்காலம் நீண்டது, ஆனால் வாடகை ஆண்டுக்கு இருமுறை சந்தை நிலவரப்படி மாற்றப்படுகிறது. வேலைக்கு உத்தரவாதம் இருப்பதும் வாடகைக்கு உத்தரவாதம் இருப்பதும் வெவ்வேறு என்பதற்கு இது நல்ல சான்று. வாடிக்கையாளர் விரும்பினால் மட்டும் நீட்டிக்கும் விருப்பக் காலத்தை மொத்த மதிப்பில் சேர்த்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் விரிவான தகுதி ஆய்வுக்காக ரிக் வாடகையின்றி நிற்கும் காலமும் அடிக்குறிப்பில்தான் இருக்கும்.

இனி வளர்ச்சித் திட்டம். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இந்தத் தொழிலின் அண்மை வரலாறு. எண்ணெய் 100 டாலருக்கு மேல் விற்ற 2011 முதல் 2014 வரையிலான காலத்தில், ஒவ்வொன்றும் 60 கோடி டாலருக்கு மேல் விலையுள்ள துரப்பணக் கப்பல்களுக்குக் கொரிய, சிங்கப்பூர் தளங்களில் ஆர்டர்கள் குவிந்தன. பணம் பெரும்பாலும் கடனாக வந்தது. 2016 தொடக்கத்தில் எண்ணெய் விலை 30 டாலருக்கும் கீழே போனபோது, கட்டி முடிந்த கப்பல்களுக்கு வேலை இல்லை. கடன் மட்டும் இருந்தது. சீட்ரில் 2017-இலும் மீண்டும் 2021-இலும் திவால் பாதுகாப்புக் கோரியது. பெருந்தொற்று ஆண்டான 2020-இல் டயமண்ட் ஆஃப்ஷோர், நோபிள், வலாரிஸ் ஆகிய மூன்றும் அதே வழியில் போயின. வலாரிஸ் 2021-இல் மீண்டு வந்தபோது 710 கோடி டாலர் கடன் நீங்கியிருந்தது; கடன் கொடுத்தவர்கள் உரிமையாளர்களானார்கள், பழைய பங்குதாரர்களுக்கு மிஞ்சியது எதிர்காலத்தில் பங்கு வாங்கும் உரிமைச் சீட்டுகள் மட்டுமே. திவாலாகாமல் தப்பிய டிரான்ஸ்ஓஷனிலும் 2014-உடன் ஒப்பிட்டால் 2024-இல் பங்குகளின் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. நிறுவனமும் கப்பல்களும் பிழைத்திருந்தாலும், ஒவ்வொரு பழைய பங்குக்கும் உரிய பங்களவு பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது.

இதற்குப் பிறகு இத்துறை தேர்ந்தெடுத்த பாதை புதிதாகக் கட்டுவதைவிட ஒன்றோடொன்று இணைவதுதான். நோபிள் 2022-இல் மேர்ஸ்க் டிரில்லிங்கையும், 2024-இல் டயமண்ட் ஆஃப்ஷோரையும் சேர்த்துக்கொண்டது. சீட்ரில் 2023-இல் அக்வாட்ரில்லைப் பங்கு மாற்றத்தின் மூலமே வாங்கியது. இணைப்பினால் உலகில் ஒரு ரிக்கூடப் புதிதாகக் கூடுவதில்லை, டெண்டரில் போட்டியிடுவோர் எண்ணிக்கை குறைகிறது, கரையிலுள்ள நிர்வாகச் செலவும் சுருங்குகிறது. வளர்ச்சி என்ற பெயரில் நடப்பவற்றில் பங்குதாரருக்கு ஆபத்துக் குறைந்தது இதுவே என்பது என் கருத்து; கொடுக்கும் விலை மிகாமலும், அதற்காக வாங்கும் கடன் சிறிதாகவும் இருக்கும்வரை.

தளத்தில் நிற்கும் கப்பலை வாங்குவது எல்லாச் சமயத்திலும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஏற்றக் காலத்தில் அட்வுட் நிறுவனம் ஆர்டர் கொடுத்து, பின்னர் வலாரிஸின் கைக்கு வந்த டிஎஸ்-13, டிஎஸ்-14 கப்பல்களை, 2023 இறுதியில் முறையே சுமார் 11.9 கோடி, 21.8 கோடி டாலருக்கு அந்நிறுவனம் எடுத்துக்கொண்டது. முன்பு செலுத்தப்பட்டிருந்த தவணைகள் இந்தத் தொகையில் சேரவில்லை. அந்த நட்டம் பழைய உரிமையாளர்களோடு போய்விட்டது. அதே தரத்தில் புதிதாகக் கட்ட ஆகும் செலவில் இது சிறு பகுதிதான். என்றாலும் வேலைக்கு அனுப்புவதற்கு முன் கருவிகளைப் பொருத்த, ஆட்களைத் திரட்ட, சோதித்துப் பார்க்க மேலும் பெருந்தொகை வேண்டும் என்பதை வாங்கும் விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும். மற்றொரு பக்கம், டிரான்ஸ்ஓஷன் 2014-இல் சிங்கப்பூரில் ஆர்டர் கொடுத்திருந்த கப்பல் ஒன்றுக்கு 2018 டிசம்பரில் செவ்ரானிடம் நாளொன்றுக்கு 4,55,000 டாலரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் பெற்றது. ஒரு சதுர அங்குலத்துக்கு 20,000 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் கருவிகளோடு அதை முடிக்கும் பணி அந்த ஒப்பந்தத்தைப் பின்பற்றியே அமைந்தது. அதுதான் இன்றைய டீப்வாட்டர் டைட்டன்.

உங்கள் நிறுவனம் வாங்கவிருக்கும் இரண்டு கப்பல்களுக்கும் நான் வைக்கும் அளவுகோல் இதுவே. வாங்கும் விலை, தயார்ப்படுத்தும் செலவு, முதல் வேலைக்குக் கொண்டுசேர்க்கும் செலவு மூன்றையும் கூட்டுங்கள். கையெழுத்தான முதல் ஒப்பந்தத்திலிருந்து, மேலே போட்ட கணக்கின்படி, ஆண்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். பிறகு அந்த ஒப்பந்தம் முடியும் தேதியையும், கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டிய தேதியையும் அருகருகே எழுதுங்கள். கடனில் பெரும்பகுதி ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே அடைபட்டுவிடும் என்றால், பங்கின் விலை நியாயமாக இருக்கும் பட்சத்தில் வாங்குவதை நான் ஆதரிப்பேன். ஒப்பந்தம் இரண்டே ஆண்டுக்கு, கடன் ஐந்தாண்டுக்கு என்றால், முதல் ஒப்பந்தம் முடிந்த பிறகு வாடகை என்னவாக இருக்கும் என்ற ஊகத்தின்மேல் உங்கள் பணம் நிற்கும். அதற்கு ஏற்ற தள்ளுபடி விலை கிடைக்காமல் வாங்காதீர்கள். ஒப்பந்தமே கையெழுத்தாகாமல், 'பேச்சுவார்த்தை நடக்கிறது' என்ற நிலையில் கடன் திரட்டப்படுகிறது என்றால், முதல் ஒப்பந்தம் நிலையறிக்கையில் தேதியோடும் வாடிக்கையாளர் பெயரோடும் பதிவாகும்வரை காத்திருங்கள். அதற்குள் பங்கு விலை ஓரளவு ஏறிவிட்டாலும், அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்து வாங்குவது எனக்கு ஏற்புடையதே.