ராமேஸ்வரம் போய்வந்த காருக்கு வேக அபராதம் வந்திருக்கிறது. எதிர்த்தால் இன்சூரன்ஸ் ஏறாமல் தப்பிக்கலாமா?

பாம்பனில் இருந்து எழுதுகிறேன். 22 வருடமாக டாக்ஸி ஓட்டுகிறேன், சொந்த மஞ்சள் போர்டு வண்டி. உங்கள் கேள்வியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இதே மாதிரி ஓர் ஆயிரம் ரூபாய் சலானுக்காக நான் மூன்று தடவை கோர்ட் படி ஏறியவன்.

நீங்கள் குடும்பத்தோடு தீர்த்தமாட வந்திருப்பீர்கள். ஊர் திரும்பி ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து போனில் செய்தி வந்திருக்கும். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எங்கேயோ வேகமாகப் போனதாகப் போட்டிருப்பார்கள். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது "கட்டினால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி, இன்சூரன்ஸ் ஏறிவிடும்" என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. நான் ஏற்றிய ஒரு நியூஜெர்சி குடும்பம் விளக்கமாகச் சொன்னது. அங்கே வரம்புக்கு மேல் 15 மைல் போனாலே லைசென்ஸில் 4 குற்றப் பாயிண்ட் ஏறும், அதைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனியும் பிரீமியத்தை ஏற்றும். அதனால் அங்கே வக்கீல் வைத்தாவது டிக்கெட்டை எதிர்ப்பார்களாம்.

நம் ஊரில் அப்படி இல்லை. தேர்ட் பார்ட்டி பிரீமியம், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான பகுதி, மத்திய அரசு நிர்ணயிப்பது. வண்டியின் வகையையும் சிசியையும் பார்த்துத்தான் அது வரும். ஓன் டேமேஜ் பகுதி, அதாவது நம் வண்டியின் சேதத்துக்கானது, வண்டியின் மதிப்பு, வயது, சிசி, எந்த மண்டலத்தில் பதிவானது, இவற்றை வைத்து வருகிறது. அதில் கழிவு தருவதுதான் என்சிபி, கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கான போனஸ். முதல் வருடம் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்தாவது வருடம் 50. கிளெய்ம் போட்டால் அது போய்விடும். பாலிசியை 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும் போய்விடும். சலான் வந்ததற்காகப் போகாது. போக்குவரத்து விதிமீறலுக்குத் தனியாக ஒரு பிரீமியம் சேர்க்கலாம் என்று 2021-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒரு குழு யோசனை சொன்னது உண்மை. முதலில் டெல்லியில் சோதித்துப் பார்க்கலாம் என்றார்கள். நான் அதற்கப்புறம் எத்தனையோ தடவை புதுப்பித்துவிட்டேன், என் பாலிசியில் அப்படி ஒரு வரி இதுவரை வந்ததில்லை.

எனக்கு அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. அதனால்தான் பயந்தேன்.

2023 ஆகஸ்ட், ஆடி அமாவாசை முடிந்த வாரம். அப்போது பாம்பன் பாலத்தில் ரயில் கிடையாது. 2022 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள், புதுப் பாலம் திறந்து மறுபடி ஓட 2025 ஏப்ரல் ஆனது. அந்த இரண்டு வருடமும் ராமேஸ்வரத்துக்கு வந்த கூட்டம் முழுக்க ரோட்டில்தான் வந்தது. பஸ்ஸும் வேனும் காரும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பறக்கும். நான் ஒரு வயதான தம்பதியை மதுரை ஏர்போர்ட்டுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு 22 தீர்த்தமும் ஆடியதில் குளிர் பிடித்து வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது. "மெதுவா போப்பா, பிளேன் எட்டரை மணிக்குத்தான்" என்று ஐயா பாம்பன் பாலத்திலேயே சொல்லிவிட்டார். உச்சிப்புளி தாண்டி நேர் ரோட்டில் ஒரு சொகுசு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே என்னை முந்திப் போனது. நான் 55-ல் இருந்தேன். பஸ்ஸுக்கு வழி விட்டு இன்னும் குறைத்தேன்.

ஒன்பதாவது நாள் சலான் வந்தது. வரம்பு 60, போன வேகம் 97, அபராதம் 1,000 ரூபாய்.

என் வண்டி 97 போகாது. போக முடியாது. 2018-ல் வாங்கியது, கம்பெனியில் இருந்தே ஸ்பீடு லிமிட்டரோடு வந்த டாக்ஸி, 80-ல் பூட்டியிருக்கிறது. டாக்ஸிக்கு அது கட்டாயம்.

மச்சானிடம் சொன்னேன். "ஆயிரம் ரூபாதானே மச்சான், ஒரு சவாரி காசு. கட்டிட்டு வேலையைப் பாருங்க" என்றார். ஸ்டாண்டில் எல்லாரும் அதையே சொன்னார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் தம்பி மட்டும், "அண்ணே, நவம்பர்ல புதுப்பிக்கணும். அஞ்சு வருசம் கிளெய்ம் இல்லாம வந்து இப்பத்தான் அம்பது பர்சன்ட் கிடைக்கப்போகுது. சலான் இருந்தா கெட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. ஐந்து வருடம் பம்பரில் சின்ன இடி பட்டால்கூட சொந்தக் காசில் டிங்கர் பார்த்து, கிளெய்மே போடாமல் காப்பாற்றி வைத்த போனஸ் அது.

சலானைத் திறந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. படத்தில் என் வண்டி இடப்பக்கம், நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது. வலப்பக்கம் அந்த பஸ், பாதி உடம்புதான் படத்துக்குள் வந்திருக்கிறது, நம்பர் தெரியவில்லை. வேகத்தை அளக்கும் ரேடார் கன்னில் இருந்து போகும் அலை விரிந்துதான் போகும். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எதன் வேகத்தை அது எடுத்தது என்று அதுவாகச் சொல்லாது, பிடிப்பவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். பஸ் 97-ல் போயிருக்கிறது. நம்பர் தெரிந்தது என்னுடையது.

இங்கே சில பேர் "போலீஸை மட்டம் தட்டுகிறான்" என்று கிளம்புவார்கள் என்று தெரியும். என் சித்தப்பா மகனே போலீஸில்தான் இருக்கிறான். வெயிலில் அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேகத்தைப் பிடிக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. வேதாளை பக்கம் பள்ளிக்கூடம் விடும் நேரம் பாருங்கள், பிள்ளைகள் ரோட்டு ஓரமாகவே நடந்து வரும், உடைமரத்துக்குள் இருந்து ஆடு திடீரென்று குறுக்கே பாயும். அங்கே 90-ல் போகிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும். என் வாதம் ஒன்றுதான், பிடிக்கவேண்டியவனைப் பிடியுங்கள்.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சலான் தளத்திலேயே புகார் கொடுக்கும் வசதி இருந்தது, அதில் எழுதினேன், பதில் வரவில்லை. பணம் கட்டாமல் விட்டேன். வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்குப் போனது. அங்கே பணம் கட்டுவதற்கும் வழக்காட விரும்புவதாகச் சொல்வதற்கும் தனித்தனியாக இருக்கும். நான் வழக்காடுவதாகப் பதிந்தேன், வழக்கமான கோர்ட்டுக்கு மாற்றினார்கள். வக்கீல் வைக்கவில்லை. ஆனால் தெரிந்த வக்கீல் ஒருவர் இரண்டு விஷயம் சொல்லிக்கொடுத்தார், அதுதான் என்னைக் காப்பாற்றியது.

ஒன்று, மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவு. வேகமாகப் போனார் என்று ஒரே ஒரு சாட்சி தன் கணிப்பாகச் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, கருவியால் அளந்ததாக இருக்கவேண்டும். இன்னொன்று, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்த்த 167ஏ. ஸ்பீடு கன் உட்பட எந்த மின்னணுக் கருவியாக இருந்தாலும் அதற்கு அங்கீகாரச் சான்று வேண்டும், வருடா வருடம் அதைப் புதுப்பிக்கவேண்டும். அன்றைய விதிப்படி நோட்டீஸ் 15 நாளுக்குள் வரவேண்டும். குற்றமும் வண்டி நம்பரும் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்கவேண்டும். கூடவே மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழும் வேண்டும். அப்போது அது சாட்சியச் சட்டம் 65பி. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 63-வது பிரிவு.

அக்டோபரில் முதல் வாய்தா, எதிர்த்தரப்பில் யாரும் வரவில்லை. டிசம்பரில் வந்தார்கள், சான்று கொண்டு வரவில்லை. ஜனவரியில் மாஜிஸ்ட்ரேட் அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதில் 97 எந்த வண்டிக்கு?" என்று கேட்டார். வந்திருந்த போலீஸ்காரர் நேர்மையானவர், சுற்றி வளைக்கவில்லை. "இந்தப் படத்தை வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க அம்மா" என்றார். நான் ஒர்க்‌ஷாப்பில் வாங்கிய கடிதத்தைக் கொடுத்தேன், லிமிட்டர் 80-ல் இருக்கிறது, யாரும் கை வைக்கவில்லை என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து எழுதிக் கொடுத்தது. எப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) நகலையும் கொடுத்தேன். பத்து நிமிடம் ஆகவில்லை, விடுவித்துவிட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று வீட்டுக்காரிக்குத்தான் முதல் போன். பேச்சு வரவில்லை எனக்கு.

மூன்று நாள் சவாரி போனது, ஒரு நாளைக்கு 2,500 என்றாலும் 7,500. ஆயிரத்துக்காக ஏழாயிரத்தை விட்டவன் என்று இன்றைக்கும் ஸ்டாண்டில் சொல்கிறார்கள். சொல்லட்டும். நவம்பரில், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இன்சூரன்ஸைப் புதுப்பித்தேன். 50 சதவீதம் போனஸ் முழுசாக வந்தது. ஏஜென்ட் தம்பி சொன்னது தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

அப்படியானால் இன்சூரன்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, வேறு வழியில். அதிவேகத்துக்கு லைசென்ஸை மூன்று மாதமாவது நிறுத்தி வைக்கவேண்டும் என்று 2015-லேயே உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. இரண்டாம் தடவை மாட்டினால் லைசென்ஸைப் பிடித்து வைக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு. அப்படி லைசென்ஸ் செல்லாமல் இருக்கும் நாளில் வண்டி எடுத்து, ஆண்டவன் காப்பாற்ற, எங்கேயாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கலாம். எதிராளிக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டையும் உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். பிரீமியத்தில் நூறு இருநூறு ஏறுவதைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள், பயப்படவேண்டியது இதற்கு. எனக்கு மூன்று மாதம் லைசென்ஸ் இல்லையென்றால் அடுப்பு எரியாது. செய்யாத தப்பை முதல் தப்பாகப் பதிய விட்டு, பிறகு உண்மையிலேயே ஒரு நாள் கவனம் தப்பினால் அது இரண்டாவதாகிவிடும். அதற்காகவும்தான் கோர்ட்டுக்குப் போனேன்.

இன்சூரன்ஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் கடலோரத்தில் கச்சான் காற்று ஆரம்பித்தால் உப்பு வண்டியின் அடிவயிறு வரை ஏறும். நாலு வருடத்தில் சைலன்சர் உதிர்ந்துவிடும், கதவின் கீழ்விளிம்பு பொரிந்துவிடும். தினமும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும், அந்தத் தண்ணீரும் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குவது. துருவுக்குக் கிளெய்ம் கேட்டால் "தேய்மானம், வராது" என்று ஒரே வார்த்தை. உள்நாட்டில் இருக்கும் வண்டிக்கும் எங்கள் வண்டிக்கும் அதே பிரீமியக் கணக்கு. மீனவர், டாக்ஸிக்காரர், ஆட்டோக்காரர் எல்லாருக்கும் இதே பாடுதான். கடலோரத்துக்கென்று ஒரு ஏற்பாடு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. அதே உப்பு பழைய நம்பர் பிளேட்டையும் அரித்துவிடும். 8 என்பது 3 மாதிரி தெரியும். எங்கள் ஸ்டாண்டிலேயே ஒருவருக்கு அவர் போகாத ஊரில் இருந்து சலான் வந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் உங்கள் வண்டி மட்டும் தெளிவாக இருந்து, அன்று வேகமாகப் போனது உங்களுக்கே ஞாபகம் இருந்தால், கட்டிவிடுங்கள். கட்டாமல் இழுத்தடித்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்றம், எப்.சி. எதுவும் நகராது, வண்டியை விற்கவும் முடியாது. படத்தில் இன்னொரு வண்டி இருந்தாலோ, நம்பர் ஒரு எழுத்து மாறியிருந்தாலோ, 15 நாள் கழித்து வந்திருந்தாலோ விடாதீர்கள். ஆனால் வெளியூர் என்றால் இந்தப் பக்கக் கோர்ட்டுக்கு இரண்டு மூன்று தடவை வரவேண்டியிருக்கலாம், அந்தச் செலவையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை, எனக்கு நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.

படத்தில் எத்தனை வண்டி இருக்கிறது, எந்த இடம் என்று போட்டிருக்கிறது, இந்த இரண்டை மட்டும் கீழே எழுதுங்கள், வண்டி நம்பர் வேண்டாம். தை அமாவாசை சவாரி நடந்துகொண்டிருக்கிறது, இரவு பத்து மணிக்கு மேல் பார்த்துப் பதில் போடுகிறேன்.