கண் டொக்டர் பதில்கள்

கேள்வி: மஸ்கெலியாவில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 29. மூன்று வருடமாக முடக்குவாதம் என்ற மூட்டு நோய்க்கு மருந்து எடுக்கிறேன். காலையில் மூடுபனியில் நடக்கும்போது கண்ணாடி மங்கிப் பெரும் தொல்லை. கண்ணாடியை விட லேசர் செய்யலாமா?

பதில்: தங்கச்சி, இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம். லேசிக் என்ற அந்த லேசர் சிகிச்சையில் கருவிழியின் நுண்ணிய நரம்புகள் அறுபடுவதால் பல மாதங்கள் கண்ணீர் குறையும். முடக்குவாதத்தில் கண் ஏற்கனவே வறண்டிருக்கலாம். புண் ஆறவும் தாமதமாகும். அரிதாக, கருவிழியே கரைந்து மெலிந்துபோகும். அமெரிக்காவில் லேசிக் கருவிகளுக்கான அங்கீகாரக் குறிப்புகளிலேயே இத்தகைய நோயாளிகளுக்கு வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. நோய் நன்றாக அடங்கி, கண் வறட்சியும் இல்லாத சிலருக்குச் சில நிபுணர்கள் செய்கிறார்கள்தான். அதை உங்கள் வாத நோய் டொக்டரும் கண் டொக்டரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் கண்ணீர் அளக்கும் பரிசோதனை செய்யுங்கள். இமைக்குள் சின்னக் காகிதத் துண்டு வைப்பார்கள். ஐந்து நிமிடத்தில் 5 மில்லிமீற்றருக்குக் குறைவாக நனைந்தால் கடுமையான வறட்சி, லேசரை மறந்துவிடுங்கள். வாயும் வறண்டால் அதையும் சொல்லுங்கள்.

என்னிடம் வந்த ஒரு தம்பி மூட்டு வருத்தத்தை மறைத்தே விட்டார். பையில் இருந்த மருந்துத் துண்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். நீங்கள் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். அவற்றில் முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மாத்திரை இருந்தால் விழித்திரைப் பரிசோதனையும் தேவை.

அதுவரை, பனி படியாத பூச்சுள்ள கண்ணாடி கேட்டு வாங்குங்கள். கண் திடீரென்று சிவந்து வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.