பழைய சிவிடி கார் மலைக்குத் தாங்குமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். 2016 ஹோண்டா சிட்டி, சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்), 70,000 கிலோமீட்டர் ஓடியது விலைக்கு வருகிறது. கியர்பாக்ஸ் போனால் பெரிய செலவு என்று பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலைக் குளிரில் நீங்களே ஸ்டார்ட் செய்து, ஒரு நல்ல ஏற்றத்தில் நிறுத்தி மெதுவாகக் கிளப்புங்கள், ரிவர்ஸிலும் ஏற்றுங்கள். கிளம்பும்போது நடுங்கினாலோ, வேகம் கூடக்கூட ஊளைச் சத்தம் ஏறினாலோ விட்டுவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் இரைந்து, வண்டி சற்றுத் தாமதமாக வேகமெடுப்பது சிவிடியின் சுபாவம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

சர்வீஸ் பில்லைக் கேளுங்கள். கியர்பாக்ஸ் உள்ளே இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் இரும்பு பெல்ட்டின் ஆயுள் கியர்பாக்ஸ் ஆயிலில்தான் இருக்கிறது. அந்த ஆயிலை மாற்றிய பில் இல்லையென்றால், வாங்கியதும் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். இந்த வண்டிக்கு ஹோண்டாவின் சிவிடி ஆயிலான எச்சிஎஃப்-2 மட்டும்தான். 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று சாதா ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். மலையில் ஓடுவதால் அடுத்தடுத்த மாற்றத்தையும் 40,000 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளலாம்.

மேட்டுப்பாளையம் இறங்கும்போது கியர் லீவரை வழக்கமான 'டி'யில் போட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்க வேண்டாம், 'எஸ்'ஸுக்கு மாற்றினால் இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். சரிவில் நிறுத்தினால் முதலில் ஹேண்ட்பிரேக், அப்புறம் 'பி' (பார்க்கிங்). வழியில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்காமல், லாரியில் ஏற்றிக் கொண்டு போங்கள்.