ஐரிஷ் சிறுகதைகளும் பின்நவீனத்துவ வாசிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ சிறுகதைத் தொகுப்பு 1914இல் வந்தது. பின்நவீனத்துவம் பேசப்பட்டதோ வெகு காலம் கழித்து. பழைய கதை மேல் புதிய கோட்பாட்டை ஏற்றலாமா?

பதில்: ஏற்றக் கூடாது. ஆனால் பின்நவீனத்துவ வாசிப்புக்கு அடிப்படை தந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் தெரிதா, உளப்பகுப்பாய்வாளர் லக்கான் இருவருமே ஜாய்ஸை ஊன்றிப் படித்தவர்கள். 1975-76இல் லக்கான் தன் கருத்தரங்கையே ஜாய்ஸை மையமாக வைத்துத்தான் நடத்தினார். ஜாய்ஸிடம் கற்றதும் அந்தக் கோட்பாடுகளுக்குள் இருக்கிறது. அவற்றோடு கதைக்குத் திரும்பி வருவதில் தப்பில்லை.

கேள்வி: அந்தத் தொகுப்பின் ‘தி சிஸ்டர்ஸ்’ கதையை மூன்று தடவை படித்தும் பாதிரியார் செய்த தவறு என்னவென்று புரியவில்லை. எதையாவது விட்டுவிட்டேனா?

பதில்: இல்லை, கதை அதைச் சொல்லவே இல்லை. முதல் பத்தியிலேயே ‘நோமன்’ என்ற சொல், கதையைச் சொல்லும் சிறுவனின் நினைவுக்கு வருகிறது. யூக்ளிட் வடிவியலில் வருவது அது. ஓர் இணைகரத்தின் மூலையில் சின்ன இணைகரம் ஒன்றை வெட்டி எடுத்தால் மிஞ்சுகிற உருவம். வெட்டிய துண்டு நம் கையில் இல்லை, மிச்சம்தான் இருக்கிறது. கதையும் அப்படித்தான். பாதிரியாரைப் பற்றிப் பேசும் கிழவர் காட்டர் வாக்கியங்களைப் பாதியில் விடுகிறார். பாதிரியார் உடைத்த திருக்கிண்ணத்தில் (பூசையில் திராட்சை ரசம் வைக்கும் கிண்ணம்) ஒன்றும் இருக்கவில்லையாம். பாதிரியாரின் சகோதரி எலைசா, அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள் என இழுப்பதோடு கதை நின்றுவிடுகிறது. 1904இல் பத்திரிகையில் வந்த முதல் வடிவத்தில் ‘நோமன்’ கிடையாது. திருத்தி எழுதியபோது ஜாய்ஸ் சேர்த்தார். ஆளாளுக்கு ஒரு குற்றத்தையோ நோயையோ வைத்து அந்த இடத்தை அடைக்கப் பார்க்கிறார்கள். அடைக்காமல் ஒருமுறை படியுங்கள். பிரதிக்கு ஒரே முடிவான அர்த்தம் உண்டு என்று நம்பாத தெரிதாவின் கட்டவிழ்ப்பு வாசிப்புக்கு முதலில் வேண்டியது அந்தப் பொறுமை.

கேள்வி: பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் சொல்லும் ‘பெருங்கதையாடல் மீதான அவநம்பிக்கை’க்கு ஓர் உதாரணம் வேண்டும். தேர்வுக்கு எழுதணும்.

பதில்: தேசம், மதம் போல எல்லாவற்றுக்கும் அர்த்தம் தருவதாகச் சொல்லும் பெரிய கதைதான் பெருங்கதையாடல். ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பின் ‘ஐவி டே இன் தி கமிட்டி ரூம்’ படியுங்கள். 1891இல் இறந்த ஐரிஷ் தேசியத் தலைவர் பார்னெலின் நினைவு நாள். தேர்தல் வேலைக்கு வந்தவர்கள் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் குடிக்கிறார்கள். தக்கைத் திருகி கைவசம் இல்லை, புட்டியை அனலுக்குப் பக்கத்தில் வைத்தால் தக்கை தானே தெறிக்கும். ஹைன்ஸ் பார்னெலைப் பற்றி உருகி ஒரு கவிதை சொல்லி முடிக்கிறார். அமைதி, கைதட்டல், அப்புறம் புட்டியின் தக்கை ‘பொக்’! பழமைவாதக் கட்சிக்காரரான கிராஃப்டன் அருமையான எழுத்து என்கிறார். தேசத்தின் துயரம் அந்த அறையில் நல்ல எழுத்தாக மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் ஜாய்ஸ் ஹைன்ஸைக் கேலி செய்கிறார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முகம் சிவந்து, தொப்பியில்லாமல் மேசைமேல் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரின் சோகம் நிஜம்.

கேள்வி: இன்னொரு ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டில் எங்கே தொடங்கலாம்?

பதில்: அவரது 1934 சிறுகதைத் தொகுப்பின் முதல் கதை, ‘டான்டே அண்ட் தி லாப்ஸ்டர்’. உயிரோடு கொதிநீரில் போடப்போகும் சிங்கி இறாலைப் பார்த்து, சட்டென்று வரும் சாவுதானே என்று கதாநாயகன் பெலாக்வா மனதைத் தேற்றிக்கொள்கிறான். அடுத்த வரி, ‘இல்லை.’ அதைச் சொல்வது யார் என்று யோசித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து படியுங்கள்.