10 வாரமா, 8 மாதமா?

கேள்வி: மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா முடித்திருக்கிறாள். எஸ்எம்யூ (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்), எஸ்ஐடி (சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம்) இரண்டிலும் கணக்கியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு இடத்திலும் நிறுவனங்களோடு சேர்ந்து வேலைக்குத் தயார் செய்கிறோம் என்கிறார்கள். எதில் சேர்ப்பது?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான் அம்மா. ஆனால் நிறுவனங்களோடு சேரும் விதம் வேறு.

எஸ்எம்யூவில் குறைந்தது 10 வாரம் இன்டர்ன்ஷிப் செய்யாமல் பட்டம் இல்லை. விரும்பினால் கூடுதலாகவும் செய்யலாம். 2015இல் வந்த எஸ்எம்யூ-எக்ஸ் வகுப்புகளில், ஒரு நிறுவனத்துக்கு நிஜமாகவே இருக்கும் சிக்கலை மாணவர்கள் குழுவாக எடுத்து ஆராய்கிறார்கள். எஸ்ஐடியில் படிப்போடு பின்னிய வேலைப் பயிற்சி. துறையைப் பொறுத்து 8 முதல் 12 மாதம் வரை.

கணக்கு வேலையில் இந்தக் கால அளவு சாதாரண விஷயமில்லை. இங்கே ஜிஎஸ்டி கணக்கைப் பெரும்பாலான நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கின்றன. 10 வாரம் போகிற பிள்ளை ஒரு காலாண்டைக்கூட முழுதாகப் பார்க்காமல் திரும்பலாம். 8 மாதம் இருந்தால் இரண்டைப் பார்க்க வாய்ப்புண்டு. முதல் காலாண்டில் தான் தவறாகப் பதிந்த பில், அடுத்ததில் வந்து நிற்பதையும் பார்க்கும். பாடம் அங்கேதான்.

ஆனால் நீண்ட பயிற்சியில் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. ஒரு மாணவரை நேர்முகம் கண்டபோது, "கணக்குப் பிரிவில் உதவினேன்" என்று எழுதியிருந்தார். என்ன செய்தீர்கள் தம்பி என்றேன். "பில்களை ஸ்கேன் செய்தேன்." சரி, அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. ஆறு மாதமும் அதுதான்! ஆகவே, கையேட்டில் இருக்கும் நிறுவனச் சின்னங்களை எண்ணாதீர்கள். பயிற்சியில் வேலை கொடுப்பவர் யார், பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது வந்து பார்ப்பார்களா, இடம் சரியில்லையென்றால் மாற முடியுமா என்று நேரில் கேளுங்கள்.

பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வையும் பாருங்கள். கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் கிடைக்கும். மொத்த வேலைவாய்ப்பு விகிதத்தில் பகுதிநேர வேலையும் சேர்ந்திருக்கும். முழுநேர நிரந்தர வேலை என்ற பத்தியைப் படியுங்கள்.

என்னைக் கேட்டால், கணக்கியல்தான் என்று மகள் முடிவாக இருந்தால் எஸ்ஐடி. இன்னும் நாலு துறையை எட்டிப்பார்க்க ஆசைப்பட்டால் எஸ்எம்யூ. டிப்ளோமாவில் எங்காவது பயிற்சிக்குப் போயிருந்தால், அங்கே என்ன செய்தாய் என்று இன்றிரவு சாப்பாட்டு வேளையில் கேட்டுப் பாருங்கள். அவள் எவ்வளவு நேரம் பேசுகிறாள் என்பதை வைத்தே ஓரளவு தெரிந்துவிடும்.